செல்கள் ஏன் இடம் பெயர்கின்றன? – மார்பகப் புற்று ஆராய்ச்சியில் ஒரு வரலாறு

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று நம் ஊர்ப்பக்கங்களில் பலரும் சொல்வதுண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீட்டு மொழி தமிழானாலும் தெலுங்கானாலும் கன்னடமானாலும் இந்த அச்சம் ஒன்றுதான். மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், ஊசியால் சோதிக்கவும் அறுவை செய்யவும் அஞ்சி, மாதக் கணக்கில் நாளைக் கடத்தும் பெண்கள் இன்றும் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் அதனுள் ஒரு நல்ல கேள்வி அடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் தோன்றிய புற்று வேறிடத்துக்குப் போவது எப்படி? அதை நகரச் செய்வது எது? கத்தியா, இரத்த ஓட்டமா, அல்லது செல்லுக்குள்ளேயே இருக்கும் வேறு ஏதேனுமா?

செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்று நோய் என்று பாடப் புத்தகங்களில் படித்திருப்போம். அது பாதி உண்மைதான். மார்பில் தோன்றிய கட்டி மார்போடு நின்றுவிடுமானால் அதை அகற்றிவிடலாம். உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் அங்கிருந்து புறப்பட்டு எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகிய இடங்களில் குடியேறும் செல்களே. ஆகவே பெருக்கத்தை மட்டுமின்றி நகர்ச்சியையும் அறிய வேண்டும். அந்த அறிவின் பெரும்பகுதி புற்று நோயை ஆராய்ந்தவர்களிடமிருந்து வரவில்லை. கோழி முட்டையையும் பழ ஈயையும் ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. அந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

விதையும் மண்ணும்

1889-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிணச் சோதனைக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். இரத்தம் கொண்டு சென்ற இடங்களிலெல்லாம் புற்றுச் செல்கள் தற்செயலாகத் தங்குகின்றன என்றால், இரத்தம் மிகுதியாகப் பாயும் கல்லீரலும் மண்ணீரலும் ஒரே வகையில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் 241 பேருக்குக் கல்லீரலில் புற்று இருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்கு மட்டுமே இருந்தது. ஆகவே விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில் விழுந்த விதையே முளைக்கும் என்று பேஜெட் எழுதினார்.

1928-ல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஜேம்ஸ் யூவிங் இதை மறுத்தார். இரத்தம் முதலில் எந்த உறுப்பின் வழியே செல்கிறதோ அங்கே செல்கள் சிக்கிக் கொள்கின்றன என்றார் அவர். இயற்பியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு புற்றுச் செல்லின் விட்டம் ஏறக்குறைய 15 முதல் 20 மைக்ரான். மிகச் சிறிய இரத்த நுண்குழாயின் விட்டமோ 5 முதல் 10 மைக்ரான்தான். சல்லடையில் பெரிய மணி தங்குவதுபோல் செல் தங்கிவிடும்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பது பின்னர்த் தெரிந்தது. ஆனால் இருவருமே இரத்தத்தில் ஏறிவிட்ட செல்லைப் பற்றித்தான் பேசினார்கள். அக்கம்பக்கத்துச் செல்களோடு இறுக ஒட்டியிருந்த ஒரு செல் எவ்வாறு விடுபட்டு இரத்தக் குழாய் வரை சென்றது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அறுவையின் எல்லை

இக்கேள்விக்கு விடை தெரியாததன் விலையைப் பெண்களே கொடுத்தார்கள். பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், 1894-ல் தம் அறுவை முறையை விளக்கி எழுதினார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒருசேர அகற்றுவது அம்முறை. துணியில் சிந்திய எண்ணெய் ஊறிப் பரவுவதுபோல், புற்று பக்கத்திலிருந்து பக்கத்துக்கு இடைவெளியின்றிப் பரவுகிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. அப்படியானால் எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது அன்றோ? முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இம்முறை உலகெங்கும் ஆட்சி செய்தது. பிழைத்த பெண்கள் பலர் கை வீக்கத்தோடும் தூக்க முடியாத தோளோடும் வாழ்ந்தனர்.

1971-ல் பிட்ஸ்பர்க் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரும் அவர் குழுவினரும் இதைச் சோதனைக்கு உட்படுத்தினர். 1976-ல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், 4 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்கு முழு மார்பகமும், மற்றவர்களுக்குக் கட்டியும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் மட்டும் அகற்றப்பட்டன. 20 ஆண்டுகள் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டபோது, உயிர் பிழைத்தோர் விகிதத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. சிறிய அறுவையோடு கதிர்ச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு அதே மார்பகத்தில் கட்டி திரும்பத் தோன்றுவதும் வெகுவாகக் குறைந்திருந்தது. செல்கள் முன்பே புறப்பட்டுப் போயிருந்தால் அகலமாக வெட்டியும் பயனில்லை. புறப்படாதிருந்தால் அவ்வளவு வெட்டத் தேவையுமில்லை. எனவே எல்லாம் அந்தப் புறப்பாட்டைப் பொறுத்தது என்றாயிற்று.

முட்டைக்குள் ஒரு பயணம்

செல்கள் புறப்படும் காட்சியை முதலில் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் எலிசபெத் ஹே. அவர் பார்த்தது புற்றை அன்று, கோழி முட்டையை. அடைகாத்த முதல் நாளிலேயே, கருவின் மேற்பரப்பில் பாய் விரித்தாற்போல் ஒட்டிக்கிடக்கும் செல்களில் ஒரு பகுதி, தம் பிடிப்பை விட்டுவிட்டு, வடிவம் நீண்டு, உள்ளே இறங்கி நடக்கத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்தே பின்னர்த் தசையும் எலும்பும் இரத்தக் குழாயும் உருவாகின்றன. மனிதக் கருவிலும் மூன்றாம் வாரத்தில் இதுவே நிகழ்கிறது. நாம் ஒவ்வொருவரும் இந்தப் பயணத்தின் விளைவுதான்.

ஒட்டிக்கிடக்கும் செல்லை எபிதீலியம் என்றும், திரியும் செல்லை மெசன்கைம் என்றும் விஞ்ஞானிகள் குறிப்பிடுவர். நாம் படலச் செல், திரிசெல் என்று சொல்வோம். 1960-களின் இறுதியில் கோழிக் கருவில் இந்த மாற்றத்தை விவரித்த ஹே, 1982-ல் கேரி கிரீன்பர்க் என்பவரோடு சேர்ந்து மேலும் ஒன்றைக் காட்டினார். வளர்ந்து முதிர்ந்த படலச் செல்களைக் கூட, கொலாஜன் என்னும் புரதக் கூழில் பதித்து வைத்தால், அவை திரிசெல்களாக மாறி நகரக் கூடும். அதாவது, கருவில் பயன்பட்ட அந்தத் திறன் பின்னரும் அடியோடு அழிந்துவிடுவதில்லை.

செல்களை ஒட்டவைத்திருப்பது எது என்பதை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக் கழகத்தில் மசதோஷி தாகேயிச்சி கண்டறிந்தார். கால்சியம் இருந்தால் பற்றிக்கொண்டும், நீக்கினால் விட்டுவிட்டும் செயல்படும் ஒட்டுமுறையை 1977-ல் விவரித்தார்; அதற்குரிய புரதத்துக்கு 1984-ல் கேடரின் என்று பெயரிட்டார். படலச் செல்களில் இருப்பது ஈ-கேடரின். பக்கத்துச் செல்லின் கொக்கியோடு மாட்டிக்கொள்ளும் கொக்கி என்று இதைக் கருதலாம். இந்தக் கொக்கி உள்ள புற்றுச் செல்கள் அடங்கிக் கிடக்கின்றன, இழந்தவை ஊடுருவுகின்றன என்று 1991-ல் ஜெர்மனியிலிருந்து ஆய்வு வந்தது. கொக்கியைக் கழற்ற உத்தரவிடுவது யார் என்பதே அடுத்த கேள்வி.

வரைபட அறையின் மேற்பார்வையாளர்

இங்கே படியெடுப்புக் காரணி என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஏதேனும் ஒரு தொழிற்சாலையை எண்ணிக்கொள்ளுங்கள். அங்குச் செய்யப்படும் எல்லாப் பாகங்களுக்கும் மூல வரைபடங்கள் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். மூலப்படம் வெளியே போகாது. நகல்தான் பட்டறைக்குப் போகும். இன்று எந்தப் படத்தின் நகல் போக வேண்டும், எது போகக் கூடாது என்று தீர்மானிப்பவர் மேற்பார்வையாளர். செல்லில் மூல வரைபடம் டி.என்.ஏ.; நகல் ஆர்.என்.ஏ.; பட்டறையில் உருவாகும் பாகம் புரதம். நகல் எடுப்பதைத் தொடங்கவோ தடுக்கவோ செய்யும் புரதங்களே படியெடுப்புக் காரணிகள். ஒவ்வொரு காரணியும் டி.என்.ஏ. இழையில் தனக்குரிய சில எழுத்துகளைத் தேடிக் கண்டு, அங்கே அமர்ந்து வேலை செய்கிறது. ஒரு காரணி பல மரபணுக்களை ஒரே சமயத்தில் ஆள முடியும். ஆதலால் ஒரே உத்தரவில் செல்லின் போக்கே மாறிவிடலாம்.

நம் கதைக்குரிய மேற்பார்வையாளர்கள் அகப்பட்டது பழ ஈயில். 1970-களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிறிஸ்டியான் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும், மரபணுக்கள் சிதைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஈக் குடும்பங்களின் கருக்களை, இருவர் ஒருங்கே பார்க்கக்கூடிய நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தனர். உடலமைப்பை ஆளும் மரபணுக்களைத் தேடிய இவ்வுழைப்புக்கு 1995-ல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அத்தேடலில் வெளிப்பட்ட மரபணுக்களுள் இரண்டு ஸ்நெயில், டுவிஸ்ட் என்பன. நம் மொழியில் நத்தை, முறுக்கு. டுவிஸ்ட் பழுதுபட்ட ஈக்கரு முட்டைக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்ததால் அப்பெயர். முட்டையிட்டு ஏறக்குறைய 3 மணி நேரத்தில் உள்ளே இறங்க வேண்டிய செல்கள் இந்தக் கருக்களில் இறங்கவில்லை. இவ்விரண்டும் படியெடுப்புக் காரணிகளை உண்டாக்கும் மரபணுக்கள் என்பது 1980-களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று.

1994-ல் ஏஞ்சலா நியேத்தோவும் அவருடன் பணியாற்றியவர்களும் கோழிக் கருவில் ஸ்நெயிலின் உறவான ஸ்லக் என்ற காரணியை அடக்கிப் பார்த்தனர். ஹே கண்ட அந்தப் பயணம் தடைப்பட்டது. பின்னர் 2000-ஆம் ஆண்டில், மாட்ரிட்டில் நியேத்தோவும் அம்பாரோ கானோவும் இடம்பெற்ற குழுவும், பார்சிலோனாவில் இன்னொரு குழுவும், ஒரே இதழில் ஒரே செய்தியை வெளியிட்டன. ஸ்நெயில் காரணி ஈ-கேடரின் மரபணுவின் முகப்பில் ஆறெழுத்துக் குறியொன்றில் அமர்ந்து, அதன் நகலெடுப்பை நிறுத்துகிறது. கொக்கியைக் கழற்றும் உத்தரவு யாருடையது என்பது இவ்வாறு தெரிந்தது. கோழியும் ஈயும் புற்றும் ஒரே கதையில் வந்து சேர்ந்தன.

நான்கு வகைச் செல்கள்

மார்பகப் புற்றில் இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2004-ல் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வைட்ஹெட் ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வுக் கூடத்தில் ஜிங் யாங் என்ற பெண் விஞ்ஞானி இதை முன்னின்று செய்தார். ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாக நாம் காண்பது செந்துறை மணி என்ற தமிழ்ப் பெயர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று அங்குச் சென்றவர் அவர்.

எலியின் ஒரே மார்பகக் கட்டியிலிருந்து முன்பே பிரித்தெடுக்கப்பட்ட நான்கு வகைச் செல்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். முதல் வகை கட்டியை உண்டாக்கும், ஆனால் அங்கேயே தங்கிவிடும். இரண்டாம் வகை நிணநீர்க் கணு வரை போகும். மூன்றாம் வகை நுரையீரலை எட்டும், ஆனால் அங்குக் கண்ணுக்குத் தெரியும் கட்டியாக வளராது. நான்காம் வகை நுரையீரலில் கட்டியாகவே வளரும். ஒரே தாய்க் கட்டியின் பிள்ளைகளாகிய இவை எந்த மரபணுக்களில் வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டபோது டுவிஸ்ட் முன்னே வந்தது. நான்காம் வகைச் செல்களில் டுவிஸ்டை அடக்கி எலிகளில் செலுத்தினர். மார்பில் கட்டி முன்போலவே வளர்ந்தது. ஆனால் நுரையீரலில் தோன்றிய கட்டிகள் வெகுவாகக் குறைந்தன.

இந்த முடிவைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெருக்கமும் நகர்ச்சியும் வெவ்வேறு உத்தரவுகள் என்பது இதன் பொருள். பெருக்கத்தைத் தொடாமலே நகர்ச்சியை மட்டும் குறைக்க முடிந்தது. புற்று புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடிக்கவில்லை. கருவில் பயன்பட்டுக் கிடங்கில் வைக்கப்பட்ட பழைய அச்சை எடுத்து மீண்டும் ஓட்டுகிறது.

2007-ல் ஃபாக்ஸ்-சி2 என்ற மற்றொரு படியெடுப்புக் காரணிக்கும் கொடிய வகை மார்பகப் புற்றுக்கும் உள்ள தொடர்பை மணியும் அவர் குழுவினரும் காட்டினர். 2008-ல் அவர் முதன்மை ஆசிரியராக வெளியிட்ட கட்டுரை மேலும் பேசப்பட்டது. மனித மார்பகச் செல்களில் டுவிஸ்ட் அல்லது ஸ்நெயிலை இயக்கினால், அவை திரிசெல்களாவதோடு மூல உயிரணுக்களின் இயல்புகளையும் பெறுகின்றன என்றது அது. நடக்கத் தெரிந்த செல் போன இடத்தில் புதுக்குடும்பம் தொடங்கவும் வல்லதாகலாம் என்பதால், பேஜெட் சொன்ன விதைக்கு ஒரு புது விளக்கம் கிடைத்தது.

நாற்பது கிலோமீட்டரில் ஓர் ஆய்வுக்கூடம்

ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரிலும் இவ்வாராய்ச்சி நடந்து வருகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூரணி ரங்கராஜனும் அவர் மாணவர்களும், செல்லில் ஆற்றல் குறையும்போது விழித்தெழும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியை ஆராய்ந்தனர். அது இயங்கினால் டுவிஸ்ட் பெருகிப் புற்றுச் செல் திரிசெல்லாக மாறுகிறது என்று 2018-ல் வெளியிட்டனர். உணவும் ஆக்சிஜனும் குறைந்த நெருக்கடியில் செல் ஊரை விட்டுப் புறப்பட முற்படுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அதே கழகத்தில் 2018 முதல் பணியாற்றும் மோகித் குமார் ஜாலி அணுகியது கணிதத்தின் வழியே. 2013-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக் கழகத்தில் இயற்பியலறிஞர்களுடன் அவர் ஈடுபட்ட கணக்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. செப் என்ற படியெடுப்புக் காரணியும் ஒரு குறு ஆர்.என்.ஏ.யும் ஒன்றையொன்று அடக்குகின்றன. இத்தகைய அமைப்பு மின்விளக்கின் சுவிட்சு போல இரண்டே நிலைகளில் நிற்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சமன்பாடுகளைத் தீர்த்தபோது நிலையான மூன்றாவது நிலையும் வந்தது. பாதி ஒட்டியும் பாதி திரிந்தும் இருக்கும் இடைநிலை அது. இதனோடு பொருந்தும் ஒரு செய்தி 2014-ல் ஹார்வர்டிலிருந்து வந்தது. மார்பகப் புற்றில் தனித்தனியே இரத்தத்தில் மிதக்கும் செல்களைவிட, கொத்தாக மிதக்கும் செல்கள் 23 முதல் 50 மடங்கு வரை அதிகமாகப் புதுக் கட்டிகளை உண்டாக்க வல்லவை என்பது எலிகளில் கண்ட அளவு.

எதிர்க் குரலும் எழுந்தது. 2015-ல் நியூயார்க்கிலும் ஹூஸ்டனிலும் இருந்து வந்த இரு எலி ஆய்வுகள், இந்த மாற்றம் இல்லாமலே செல்கள் பரவ முடிகிறது, ஆனால் மருந்துக்கு அடங்காமல் நிற்க அது உதவுகிறது என்றன. அந்த ஆய்வுகள் தேர்ந்த அடையாளங்கள் மாற்றம் முழுவதையும் காட்டப் போதா என்று 2017-ல் மறுப்பு வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. டுவிஸ்ட், ஸ்நெயில் ஆகியவற்றை நேரடியாக அடக்கும் மருந்தும் இன்றளவில் சிகிச்சைக்கு வரவில்லை. படியெடுப்புக் காரணியில் மருந்து மூலக்கூறு பற்றிக்கொள்ளத் தக்க குழிவுகள் அரிதாயிருப்பது ஒரு தடை. காயம் ஆறும்போது நல்ல செல்களும் இதே உத்தரவுகளை ஓரளவு பயன்படுத்துவதால், எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்திவிடவும் இயலாது.

கேள்விக்கு விடை

இப்போது தொடக்கத்துக் கேள்விக்குத் திரும்புவோம். செல்லை நகரச் செய்வது மருத்துவரின் கத்தி அன்று. செல்லுக்குள்ளிருந்து பிறக்கும் உத்தரவு. ஊசிச் சோதனையின்போது சில செல்கள் ஊசியின் பாதையில் சிந்தக் கூடும் என்பது உண்மையே. எனினும் அதனால் நோயாளியின் ஆயுள் குறைவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஆய்வுத் தட்டில் மார்பகப் புற்றுச் செல் மணிக்குப் பத்து இருபது மைக்ரான் தொலைவு நகரும். உயிருள்ள திசுவில் மிக அருகிலுள்ள நுண்குழாய் பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரானுக்குள் இருக்கும். வகுத்துப் பாருங்கள்: உத்தரவு கிடைத்த செல்லுக்கு இது ஒரு நாள் பயணம் கூட இல்லை. உத்தரவு எந்த நாளில் பிறக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் புற்றின் பக்கமே சேருகிறது.

முன்னதாகக் கண்டறிவதற்குப் பெரிய கருவிகள் வேண்டும் என்பதும் இல்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். அவர்களில் ஒரு பிரிவினரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தனர். 2021-ல் வெளிவந்த முடிவின்படி, அப்பிரிவில் புற்று முந்திய நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. 50 வயதுக்குக் குறைந்தவர்களில் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் நம் மாவட்டத்துக்குப் புதியவர் அல்லர். நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் முதலில் தொடங்கியது. எல்லை தாண்டினால் பெங்களூரில் 1973 முதல் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. ஷிப்டு வேலையும் வீட்டு வேலையுமாக ஓடும் பெண்கள், வலிக்காத கட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. மார்பகப் புற்றின் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டால், அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்று தெரிந்து நிம்மதியோடு திரும்பலாம். புற்றே ஆனாலும், செல்கள் புறப்படுவதற்கு முன் பிடித்துவிட்டால் சிறிய அறுவையே போதுமானதாக இருக்கக் கூடும்.